வீறு

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
செல்போன் கடை மாடியில் வகுப்பு.
பஸ் ஆரன் அடிக்கும்போதெல்லாம்
ஸ்டெர்வின் சார் பாதிச் சொல்லில் நின்று
பாலம் ஓயும்வரை காத்திருப்பார்.
என்னைவிட ஒன்பது வயது இளையவர்.
நான் சார் என்கிறேன், அவர் அக்கா என்கிறார்.

அன்றைய சொல் விகர்.
தமிழில் என்ன என்று கேட்டார்.
பலம் என்றாள் பளுகல்காரி ஒருத்தி.
சத்து என்றாள் இன்னொருத்தி.
வீரியம் என்றான் பிசியோதெரபி பையன்,
பின்வரிசை முழுக்கச் சிரித்தது.
பாவம் அந்தச் சொல்.
நெல் விதைக்கும் பாம்பு விஷத்துக்கும் உழைத்துவிட்டு
இப்போது பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில்
லாட்ஜ் வைத்தியரின் போன் நம்பரோடு
ஒட்டிக் கிடக்கிறது.

சார் சொன்னார்:
சும்மா கிடக்கிற பலத்துக்கு இது வராது.
பாறைக்குச் சொல்லாதீங்க,
அதில் வந்து மோதுகிற தண்ணிக்குச் சொல்லுங்க.
கடுப்பமான சாயாவுக்கு வராது,
அதை ஆற்றுகிற கைக்கு வரும்.
மறுத்தான், தேய்த்தாள், குலுக்கினான், கைதட்டினார்கள்,
எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கும்.
படுத்துக் கிடந்தான் என்றால் மட்டும் கிட்ட வராது.
மூணு வாக்கியம் எழுதிட்டு வாங்க, வியாழக்கிழமை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினாலு வருஷமாக
ராத்திரிக்கு ராத்திரி எழுதுகிற சொல்.
தக்கலை ஆசுபத்திரி, பிரசவ அறை,
கேஸ் ஷீட்டில் குழந்தைக்கு நேரே
விகரஸ்.
எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை.
முதல் எழுத்து, பிறகு ஒரு நெளி,
டாக்டருக்குப் புரியும்.
மூச்சு உண்டு, கைகால் மடக்கி உதைக்கிறது,
நெஞ்சுத் துடிப்பு நூறுக்கு மேல்,
அம்மையிடம் கொடுக்கலாம்,
நான் போய்க் கை கழுவலாம்
என்று அதற்கு அர்த்தம்.

செவ்வாய் ராத்திரி
குறும்பனையிலிருந்து ஆன்சி வந்தாள்.
மாப்பிள்ளை லட்சத்தீவுப் பக்கம் போட்டில்,
ரேஞ்ச் கிடையாது.
ஐப்பசி மழை ஜன்னல் கொண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தது.
முக்கு மக்களே, ஊக்கமா முக்கு என்று கத்தினேன்.
என் தொண்டைக்கு அந்தச் சொல் பொருந்தும்.
ஆன்சிக்கும் பொருந்தும்:
அவள் பிடித்த பிடியில்
கட்டில் கம்பியில் பெயின்ட் உரிந்தது.

அவன் மட்டும்
ஊறப்போட்ட துணி மாதிரி வந்தான்.
நாவல்பழ நிறம்.
கைகள், வேறு யாருடையவோ போல,
இரண்டு பக்கமும் விழுந்தன.

துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். உள்ளங்காலில் சுண்டினேன்.
வார்மர் வெளிச்சத்தில் ஆம்பு பையை எடுத்தேன்.
அமுக்கு, ரெண்டு, மூணு.
அமுக்கு, ரெண்டு, மூணு.
சிஸ்டரே, பிள்ளைக்கு என்ன, சத்தமே இல்ல
என்று ஆன்சி கேட்டாள்.
எனக்குத் தெரிந்த எந்த மொழியும்
அப்போது வாயில் இல்லை.

நாற்பது விநாடி இருக்கும், அதற்கு மேலும் இருக்கும்.
சுண்டுவிரல் ஒன்று மடங்கியது.
கடனைத் திருப்பிக் கேட்டவனைப் பார்த்தது போல
முகம் சுருங்கியது.
அப்புறம்
வீறிட்டான்.

வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர்கள்
எழுந்து உட்கார்ந்தார்கள்.
யார் பிள்ளை, யார் பிள்ளை என்று ஒரு குரல்.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
பலகை முன்னால் எங்களில் ஒருவர் வாயிலும் வராதது,
பிள்ளை அழுகைக்கென்று மட்டும்
வீட்டில் எடுத்து வைத்திருக்கிற சொல்.
அழுதுகொண்டே கிடந்தது,
நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கேஸ் ஷீட்டில் அன்று நெளி போடவில்லை.
எட்டு எழுத்தையும் எழுதினேன்.
பேனா கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை.

வியாழக்கிழமை சார் என் நோட்டை வாசித்தார்.
முதல் வாக்கியத்தில் ஒருத்தி தரையைத் தேய்த்தாள்.
இரண்டாவதில் எதிர்க்கட்சி ஒரு புகாரை மறுத்தது.
இரண்டுக்கும் டிக்.
மூன்றாவது: குழந்தை அழுதது.
அக்கா, இதில் அந்தச் சொல்லையே காணோமே என்றார்.

மேலே களியக்காவிளை பஸ் ஆரன் அடித்தது.
அவர் நிறுத்தினார்.
பாலம் ஓயட்டும் என்று
நானும் காத்திருந்தேன்.